49 முறை பறந்த விமானத்துக்கு எவ்வளவு அழுக்கு?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. "நீலம் இவ்வளவு நீலமா இருக்கும்னு மறந்தே போச்சு" என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். புரை முற்றிய கண்ணுக்கு எல்லாமே மஞ்சள் பூசிய மாதிரிதான் தெரியும். அப்படியானால் கடைசியாக நீ செய்த நாலைந்து விமான மாடல்களை இறக்கி, அடிப்பக்கத்து வண்ணத்தை இந்தப் புதுக் கண்ணால் ஒருமுறை பார். அந்த வெளிர் நிறத்துக்காக என்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறாய்! யார் சொன்னது சரி என்று அடுத்த கடிதத்தில் நேர்மையாக எழுது.

சரி, இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானமான ஹரிகேனின் மாடல் ஒன்றைச் செய்தேனே, அந்தக் கதைக்கு வருகிறேன். கடைசி மேட் வார்னிஷும் அடித்து அலமாரியில் ஏற்றியாகிவிட்டது. நான் அனுப்பிய படத்துக்கு உன் தீர்ப்பு ஒரே வரி: "ஷோரூமிலிருந்து நேரா ஓட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கே, இதுவா சண்டைக்குப் போன விமானம்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. நீதான் ஆரம்பித்தாய், உட்கார்ந்து படி.

அது ஏதோ ஒரு ஹரிகேன் இல்லை. பெட்டியோடு வந்த டீகாலை, அதாவது உடம்பில் ஒட்டும் எண், எழுத்துத் தாளை ஒதுக்கிவிட்டு, தனியாக எண்களும் எழுத்துகளும் சேர்த்து, ஆர் 4118 என்ற ஒரே ஒரு விமானத்தைச் செய்திருக்கிறேன். குளோஸ்டர் ஆலையில் கட்டிய மார்க் 1 வகை. 1940 ஆகஸ்ட் நடுவில் பிரிட்டிஷ் விமானப்படையான ராயல் ஏர்ஃபோர்ஸின் 605ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவுக்கு வந்தது. செப்டம்பரில் அந்த ஸ்குவாட்ரன் லண்டனுக்குத் தெற்கே குராய்டனுக்கு மாறியது. அந்தச் சில வாரங்களில் 49 முறை சண்டைக்குக் கிளம்பி, ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. உடம்பில் யுபி, டபிள்யூ என்ற எழுத்துகள். ஓட்டியவர்களில் ஒருவர் பாப் ஃபாஸ்டர். அப்போது அவருக்கு வயது 20.

அப்புறம் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1943 கடைசியில் அதைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனது, பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக. பிறகு பல வருடம் திறந்தவெளியில் அப்படியே கிடந்தது. 1982இல் பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணில் பட்டது. மனுஷன் அதை மறக்கவே இல்லை. விடாமல் முயன்று வாங்கி, 2001இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 2004 டிசம்பர் 23 அன்று ஆர் 4118 மறுபடியும் பறந்தது. இருபது வயதில் தான் ஓட்டிய அதே விமானத்தைக் கிழவனான பிறகு ஃபாஸ்டர் மறுபடி பார்த்தார். 2014இல்தான் அவர் காலமானார்.

இப்போது உன் கேள்விக்கு வா. நான் செய்தது 1940 செப்டம்பர் கடைசியில் இருந்த ஆர் 4118. அதாவது, ஆலையை விட்டு வந்து சில மாதம்கூட ஆகாத விமானம். பாலைவனத்தில் வெயிலும் மணலும் தின்ற விமானத்தைச் செய்கிற மாதிரி இதையும் செய்தால் பொய்யாகிவிடும். அந்தக் கோடைகாலத்தில் ஒரு சண்டை விமானம் பழசாகும்வரை உயிரோடு இருந்ததே அபூர்வம். அதோடு, தரையில் அதைப் பார்த்துக்கொண்ட ஆட்கள் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருப்பார்கள். அழுக்கு ஏறினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் ஆள் திரும்பி வரமாட்டான்.

நம்மவர்கள் பலர் பெயின்ட் பெயர்ந்த இடமென்று ஸ்பாஞ்சை வெள்ளி வண்ணத்தில் தோய்த்து உடம்பு முழுக்க ஒற்றி எடுக்கிறார்கள். ஹரிகேனில் அது எப்படிச் சரியாகும்? விமானி அறைக்குப் பின்னாலிருந்து வால்வரை உள்ளே உலோகக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மரச் சட்டங்கள், அதற்கு மேல் போர்த்தியது லினன் துணி. துணி எங்கே வெள்ளியாகப் பெயரும்? தகடு இருப்பது மூக்குப் பக்கமும், 1940இல் வந்த இந்த வகையின் இறக்கைகளும்தான். துணி விஷயத்தில், மாடலுக்கான துண்டுகளைப் பெட்டியில் போட்டு விற்கும் கிட் தயாரிப்பவர்களும் சும்மா இல்லை. மரச்சட்டங்களுக்கு நடுவே துணி தொய்ந்து தொங்குகிற மாதிரி பள்ளம் பள்ளமாக வார்த்துவிடுகிறார்கள். நிஜத்தில் அந்தத் துணிக்கு டோப் என்ற பூச்சைப் பூசினால் காய்ந்து இறுகி, தட்டினால் மேளம் மாதிரி அதிருமாம். அதனால் வால் பகுதியின் பள்ளங்களை நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் ரொம்ப நேரம் தேய்த்தேன். மேடும் பள்ளமும் இருக்கிறதென்று விரலுக்குத் தெரியவேண்டும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தேய்ப்பில் ஒரு லாபமும் கிடைத்தது. உடம்பின் இரு பாதிகளும் முதுகில் சேருகிற கோடு நீளவாக்கில் ஓடுகிறது, சட்டங்களின் வரிகளும் நீளவாக்கில்தான். இறக்கையும் உடம்பும் சேருகிற இடத்தில் புட்டி போட்டு மாய்கிற மாதிரி இங்கே மாய வேண்டியதில்லை. சிமெண்ட் பசையைக் கொஞ்சம் தாராளமாக விட்டு அழுத்தினால், உருகின பிளாஸ்டிக் கோட்டில் பிதுங்கி நிற்கும். இரண்டு நாள் காயவிட்டுச் சீவினால், பக்கத்து வரிகளோடு அதுவும் ஒரு வரியாகக் கலந்துவிடும். காயாமல் அவசரப்பட்டால் பிறகு அந்த இடம் உள்வாங்கும், அது உனக்குத் தெரியாததா.

தகடுகள் சேரும் கோடுகளைப் பற்றியும் கேட்டிருந்தாய், "வாஷே கொடுக்கலையா?" என்று, அதாவது கோடுகளில் நீர்த்த கருவண்ணம் ஓடவிடவில்லையா என்று. கணக்குப் போட்டுத்தான் விட்டேன். நிஜ விமானத்தில் இரண்டு தகட்டுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி என்றே வைத்துக்கொள். மாடல் நிஜத்தில் 72இல் ஒரு பங்கு, ஆக 72ஆல் வகுத்தால் 0.03 மில்லிமீட்டருக்கும் கீழே போகிறது. தலைமுடியைவிட மெல்லிசு. கிட்டில் இருப்பதோ வாய்க்கால். அதில் கறுப்பு மையை வேறு ஓடவிட்டால் விமானம் கட்டம் போட்ட துணியாகிவிடும். அடி வண்ணத்தைவிட ஒரு பிடி மட்டும் கருத்த பழுப்பை எஞ்சின் மூடிகளைச் சுற்றியும் இறக்கையின் பின்னோரத்தில் அசையும் திருப்பிகளின் இடுக்கிலும் விட்டேன். நிஜமாகவே திறந்து மூடுகிற இடங்கள் அவைதானே. மற்ற கோடுகளைத் தொடவில்லை.

இன்னொரு கணக்கு. மாடலைக் கையில் வைத்து ஒரு முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் பார்க்கிறோம். அதை 72ஆல் பெருக்கு: ஏறக்குறைய 22 மீட்டர். ஆக, நாம் நிற்பது நிஜ விமானத்திலிருந்து 22 மீட்டர் தள்ளி. அங்கிருந்து ஆணித்தலை தெரியுமா? இந்த 1/72 அளவுக்கு இப்படித் தூரம் பார்க்கிற வேலையே ஒரு காலத்தில் இருந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களைக் கேட்டு இந்த அளவில் ஐந்து லட்சம் மர மாடல்களைச் செய்ய ஏற்பாடு செய்தது. உருவத்தைப் பார்த்தே நம் விமானமா எதிரி விமானமா என்று வீரர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதற்காக. 35 அடி தள்ளி நின்று பார்த்தால் நிஜ விமானத்தை அரை மைலில் பார்ப்பதற்குச் சமம். அவர்களுக்கு அழுக்கும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். உருவம் பிசகாமல் இருந்தால் போதும்.

இதே கணக்குதான் மேல்பக்கத்துப் பச்சையும் பழுப்பும் சேரும் ஓரத்துக்கும். நிஜத்தில் அந்த ஓரம் ஓர் அங்குலம் மங்கி இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் மாடலில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஏர்பிரஷால் வெறுங்கையில் அடித்தால் அதைவிடப் பரவிவிடும். அதனால் மாஸ்கிங் டேப்பை அலை அலையாக வெட்டி ஒட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்து, டேப்பின் பக்கமிருந்து வெளியே பார்த்துத் தெளித்தேன். அடிப்பக்கத்துக்கு ஸ்கை என்ற அந்த வெளிர்ப் பச்சை கலந்த வண்ணம். 1940 ஜூனில்தான் கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததை மாற்றி இதைக் கொண்டுவந்தார்கள். சரியான பெயின்ட் போதாமல் அவரவர் கலந்து அடித்ததில் பல சாயல்கள் உண்டு, ஆகவே நாம் போட்ட பழைய சண்டையில் இரண்டு பேருமே தப்பித்துக்கொள்ளலாம். வாலில் வெளிர் பட்டை எங்கே என்று கேட்காதே. அது நவம்பர் கடைசியில்தான் வந்தது.

அழுக்கே இல்லை என்றும் சொல்லாதே. உற்றுப் பார்க்காமல் தீர்ப்பு எழுதினாய். விமானிகள் ஏறுவது இடப்பக்கத்தில், அங்கே இறக்கையின் அடிப்பகுதியில் பூட்ஸ் தேய்த்த தடம் உண்டு. வலப்பக்கத்தில் கிடையாது. புகைக்குழாய்களுக்குப் பின்னால் சாம்பல் கலந்த பழுப்பாக ஒரு மெல்லிய கோடு. பேஸ்டல் குச்சியைச் சுரண்டி, அந்தப் பொடியை மெல்லிய தூரிகையால் காற்று போகும் போக்கில் தடவினேன். சக்கரங்களில் கொஞ்சம் காய்ந்த மண், குராய்டன் புல்தரை ஓடுதளம் அல்லவா. மூக்குக்கு அடியில் எண்ணெய் கசிந்த ஒரு கீற்று.

துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இறக்கைக்கு நான்காக மொத்தம் எட்டு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள். அந்தக் காலத்து இன்னொரு பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரில் அவை தள்ளித் தள்ளி இருக்கும், ஹரிகேனில் நான்கும் ஒட்டி நிற்கும். குழல் வாய்க்குள் ஈரமும் தூசியும் போகாமல் மேலே துணித் துண்டு ஒட்டி, சிவப்பு டோப் பூசிவிடுவார்கள். சுட்ட மறுநொடி அது கிழிந்து போய்விடும், இறக்கைக்கு அடியில் கரும்புகை படியும். ஆக, சிவப்பு முழுசாக இருந்தால் அந்த விமானம் இன்னும் சுடவில்லை. நான் அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்: காலையில் எல்லாம் தயார், கூப்பிட்டால் கிளம்பவேண்டும். வெற்று டீகால் தாளில் சிவப்படித்து, குண்டூசித் தலை அளவுக்குத் துண்டு வெட்டி, பூதக்கண்ணாடி வைத்து ஒட்டினேன். சிவப்பும் வேண்டும், புகைத்தடமும் வேண்டும் என்றால், துடைக்க நேரமில்லாமல் துணியை மட்டும் ஒட்டினார்கள் என்று ஆகும். அப்படிப்பட்ட நாளும் அந்தச் செப்டம்பரில் இருந்திருக்கும் என்று நீ வாதாடுவாய். வாதாடு, அது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.

விமானியை உட்காரவைக்கவில்லை. கிட்டில் ஒரு பொம்மை வருகிறது, பாதி உடம்பும் முகமில்லாத முகமுமாக. ஃபாஸ்டரின் விமானம் என்று தெரிந்த பிறகு அதை உள்ளே வைக்கக் கை வரவில்லை. கண்ணாடிக் கூண்டைத் திறந்து பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். அதன் சட்டங்களுக்கு டேப் வெட்டின வேலையைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

இனி உனக்கு ஒரு யோசனை. உண்மையிலேயே துருவும் தூசியும் பண்ணித்தான் தீரவேண்டும் என்றால், அதே ஆர் 4118ஐக் காசியில் கிடந்த நிலையில் நீ செய். வெயிலும் மழையும் வருடக்கணக்கில் அடித்த உடம்பு, உன் கைவரிசை அத்தனைக்கும் அங்கே இடமுண்டு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்போது எடுத்த படங்களைத் தேடிப் பார்த்து, எது மிச்சமிருந்தது, எது இல்லை என்று முதலில் முடிவுகட்டிக்கொள். அதே கிட் இன்னொரு பெட்டி என்னிடம் பிரிக்காமல் இருக்கிறது. இந்த வாரமே அனுப்புகிறேன், மிச்சமான டீகால் எண்களையும் உள்ளே வைக்கிறேன். ஆனால் ஒன்று, சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும்வரை உப்புத்தாளைத் தொடாதே. அந்தத் தூசி கண்ணுக்கு ஆகாது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பெட்டியைத் திற. அதுவரை எந்த வருடத்து நிலையைச் செய்யப்போகிறாய் என்று மட்டும் எழுது.

உன் பழைய கூட்டாளி