உரம் போடுமுன் தண்டை வெட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபுசேரியம் என்னும் பூஞ்சணத்தால் வாழையைத் தாக்கும் வாடல் நோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஆபத்தை விரிவாகச் சொன்ன செய்தி, நோயை அடையாளம் காணும் வழியைச் சொல்லாமல் விட்டது குறையே. புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் கொல்லையில் நின்ற பிசாங் பெராங்கான் வகை வாழை மரத்தின் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு முறிந்து, பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்றெண்ணி இரண்டு வாரம் ஊற்றினேன், உரமும் போட்டேன். பாராங் கத்தியால் வெட்டியபோதுதான் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தன. கத்தியைக் கழுவாமல் பக்கத்துக் கன்றையும் வெட்டினேனே, அது அறியாமை.

இப்பூஞ்சணம் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். மருந்தடித்து ஒழிக்க முடியாது. பாக்டீரியாவால் வரும் மோக்கோ நோயிலும் மரம் வாடும். ஆனால் அதில் காயின் உட்புறமும் கறுக்கும், ஃபுசேரியத்தில் காய்க்குள் அப்படி ஆவதில்லை. இந்த வேறுபாட்டை விவசாய இலாகா படங்களுடன் தமிழிலும் அச்சிட்டுக் கோயில்களிலும் சந்தைகளிலும் வழங்கலாம். திருமண வாசலுக்கு மரமும், நடுவதற்குப் பக்கக்கன்றும் வேர்மண்ணோடு கைமாறுவது நம்மவரிடையே வழக்கமாயிற்றே.

வாசகர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு