சேது காசும் அதைச் சொல்லும் நூல்களும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் செப்புக்காசின் இரு பக்கப் படங்களும் நேற்றுக் கிடைத்தன. கண் அறுவைக்குப் பிறகு பொடி எழுத்துகளையும் தடையின்றிப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள், மனம் நிறைந்தது.

காசின் ஒரு பக்கத்தில் நிற்கும் அரசன். மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே ‘சேது’ என்ற தமிழெழுத்து. இராமேசுவரத்தில் விற்றவர் இதை இராமநாதபுரம் சேதுபதிகளின் காசு என்று சொன்னதில் வியப்பில்லை. முன்னோடி ஆய்வாளர் சிலரும் அப்படித்தான் கருதினார்கள். ஆனால் இக்காசுகள் யாழ்ப்பாணத்தில் மிகுதியாகக் கிடைப்பதையும், யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைச் சொல்லும், இலங்கையிலுள்ள கொட்டகமக் கல்வெட்டு ‘சேது’ என்றே தொடங்குவதையும், அம்மன்னர்கள் சேதுகாவலர் என்று போற்றப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், இவை யாழ்ப்பாண அரசுக்கு உரியவை என்பது தெளிவாகும். யாழ்ப்பாண அறிஞர் சுவாமி ஞானப்பிரகாசர் இதை வலியுறுத்தி எழுதினார். காட்ரிங்டன் 1924-இல் வெளியிட்ட ‘சிலோன் காயின்ஸ் அண்ட் கரன்சி’ என்ற இலங்கைக் காசுகள் பற்றிய நூலை நீங்கள் முதலில் படிக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

டஃப்னெல் 1889-இல் சென்னையில் வெளியிட்ட, தென்னிந்தியக் காசு சேகரிப்பாளருக்கான கையேட்டின் மறுபதிப்பை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள். வால்டர் எலியட்டின் 1886-ஆம் ஆண்டுத் தென்னிந்தியக் காசு நூலும், லோவெந்தாலின் 1888-ஆம் ஆண்டுத் திருநெல்வேலிக் காசு நூலும் அப்படியே. எந்தக் காசு எங்கே கிடைத்தது, எப்படி இருந்தது என்பதற்கு அவற்றை நம்பலாம். எந்த அரசன் வெளியிட்டான் என்பதற்குப் பின்னால் வந்த நூல்களோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

சங்க காலத் தமிழ் வேந்தர்கள் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் 1980கள் வரை நீடித்ததை நாம் இருவரும் அறிவோம். ஒரு பக்கம் குதிரையும் ‘பெருவழுதி’ என்ற பாண்டியன் பெயர் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளிலும், மறுபக்கம் கோட்டுருவ மீனும் கொண்ட சிறிய சதுரச் செப்புக்காசை காசு ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டதும் அந்த விவாதத்தின் போக்கே மாறியது. அவருடைய சங்க காலக் காசு நூலை நான் மேசையை விட்டு எடுப்பதே இல்லை.

என் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக்காசு என்று ஒரு வியாபாரி கொடுத்ததைச் சென்ற ஆண்டு பெருந்தொகைக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து நூலிலுள்ள படத்தோடு ஒப்பிட்டபோதுதான், மேற்பரப்பெங்கும் ஊசிமுனைக் குழிகள் இருப்பதையும், விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு ஓடுவதையும் கண்டேன். அச்சில் ஊற்றி வார்த்த போலி அது. நூலைப் பிரித்துப் பார்த்த பிறகு கடைக்குப் போயிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அதற்கு இரண்டு நல்ல நூல்களே வாங்கியிருக்கலாம்.

நடன காசிநாதன் எழுதிய ‘தமிழர் காசு இயல்’ என்னிடம் இரண்டு படி இருக்கிறது; ஒன்றை இந்த வாரமே அஞ்சலில் அனுப்புகிறேன். உங்கள் சேது காசை நகைக்கடைத் தராசில் நிறுத்து, எடையையும் குறுக்களவையும் எழுதுங்கள். காட்ரிங்டன் தரும் எடைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதுவரை அதைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பச்சைப் படிவோடு எழுத்தின் ஓரமும் போய்விடும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்