ஏற்காடு இயற்கை ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் இரண்டு தள்ளிப்போயின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்று ஒரு மலைப்பூவையும் ஓர் அந்துப்பூச்சியையும் ஒப்பிட்டுப் பேசினோம். பூ, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் 1,800 மீட்டருக்கு மேல் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வளரும் எடல்வைஸ். அதில் வெள்ளை இதழாகத் தெரிவது பஞ்சு போர்த்திய இலைகள்தான். உச்சிமலையின் வெயிலையும் காற்றையும் அந்தப் பஞ்சை வைத்தே அது தாங்குகிறது. பூச்சி, ஆஸ்திரேலியாவின் போகாங். சமவெளியில் கோடை தொடங்கும் முன்பே கிளம்பி, விண்மீன்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் துணையாகக் கொண்டு, ஆயிரம் கிலோமீட்டர் வரை இரவில் பறந்து மலைக்குகைகளுக்குப் போகும். ஒரு சதுர மீட்டர் பாறையில் 17,000 பூச்சிகள் வரை ஓடு வேய்ந்ததுபோல் ஒட்டிக்கொண்டு கோடை முழுக்க உறங்கும்.

எடல்வைஸைப் பறிக்கக் கூடாதென்று 19ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் போட்டார்கள். போகாங்கின் கதை வேறு. 2017இல் தொடங்கிய வறட்சியில் குகைகள் வெறிச்சோடின. போகாங்கைத் தின்று வாழும், கங்காருபோல் வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் ‘பாசம்’ (possum) என்ற சின்னஞ்சிறு மலை விலங்கின் குட்டிகள் தாயின் பைக்குள்ளேயே செத்தன. அதன் பிறகு, 2021இல்தான் போகாங் அழியும் ஆபத்திலுள்ள இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் ஏறியது. பூவுக்காகப் பேச ஆள் இருந்தது, பூச்சிக்கு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் மலையிலும் அதே நிலைதான். சேர்வராயன் சரிவில் 12 ஆண்டுக்கொருமுறை நீலக்குறிஞ்சி பூத்தால் ஊரே திரண்டு போகிறது. அதே சரிவில் எத்தனை வகை அந்துப்பூச்சி உண்டென்று கேட்டால் நம் சங்கத்திலேயே பதில் இல்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று ஒரு காப்பித் தோட்டத்தில் வெள்ளை வேட்டியைத் திரைபோல் கட்டி, அந்துப்பூச்சிகள் வந்து உட்கார விளக்கு வைத்தோம். வேட்டிக்கு வந்ததைவிடப் பக்கத்து விடுதியின் பெரிய விளக்கைச் சுற்றியவைதான் அதிகம். விடிந்ததும் அதன் அடியில் பிள்ளைகள் கை நிறைய இறக்கைகளைப் பொறுக்கினார்கள். அந்தக் காட்சி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அப்புறம் ஓர் அமாவாசையன்று, சில்வர் ஓக் மரங்களுக்குள் தள்ளிப்போய்க் கட்டினோம். வேட்டியே தெரியாத அளவுக்கு வந்து உட்கார்ந்தன.

வரும் ஆண்டில் அமாவாசைதோறும் இதைச் செய்து, குறிப்பேட்டில் பதிய உங்கள் ஒப்புதலைக் கேட்கிறேன். விடுதிக்காரரிடம் விளக்கைப் பற்றிப் பேச, உறுப்பினர் இருவர் என்னோடு வர வேண்டும்.