கணினி ஓட்டினால் மட்டும் நிற்கிற ரயில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது என் மேஜை மேல் ஓடும் மாடல் ரயிலின் தண்டவாளத்துக் கம்பிகள் இரண்டும் இரண்டாகவே தெரிகின்றன. போன மாதம் வரை மூன்றாகத் தெரிந்தன. மேஜைக்கு அடியில் தவழ முழங்கால்தான் இன்னும் சம்மதிக்க மாட்டேன் என்கிறது. அந்த வேலைக்குப் பேத்தியைப் பிடித்துக்கொண்டேன். எட்டு வயசு. வயரின் நிறத்தைக் கத்திச் சொல்லுவாள், நான் மேலே குறித்துக்கொள்வேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது, கணினியிடம் விட்டால் அரை மணிக்குள் குளறுபடி, ஆகவே கோளாறு மென்பொருளில்தான் என்று எழுதியிருக்கிறாய். நானும் இதே கணக்கைப் போட்டு இரண்டு மாதம் வீணாக்கியவன். மாடல் ரயிலை ஓட்டும் மென்பொருளான ஜேஎம்ஆர்ஐயை அழித்து மறுபடி ஏற்றினேன், அப்புறம் இன்னொரு தடவையும் ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

நீயும் நானும் கையால் ஓட்டும்போது என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பார். ஒரு ரயிலைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றை நிறுத்தி வைப்போம். ஒரு பாயின்டை (ரயிலைத் தடம் மாற்றிவிடும் இடம்) திருப்பி, அது திரும்பியதைக் கண்ணால் பார்த்து, அப்புறம் அடுத்ததைத் தொடுவோம். கணினி காத்திருக்காது. ஒரு பாதை போட வேண்டுமென்றால் ஐந்து பாயின்டையும் ஒரே மூச்சில் திருப்பும், நான்கு எஞ்சினை ஒன்றாகக் கிளப்பும். கையால் ஓட்டியவரை உன் வயரிங் இந்த அளவு சுமையைக் கண்டதே இல்லை.

என் வீட்டில் பிடிபட்டது பாயின்டைத் திருப்பும் சின்ன சர்வோ மோட்டார். ஆறு பாயின்டுக்கு ஆறு சர்வோ. எல்லாவற்றுக்கும், அவற்றை ஆட்டுவிக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன கட்டுப்பாட்டுப் பலகையின் 5 வோல்ட் பின்னிலிருந்தே மின்சாரம் கொடுத்திருந்தேன். அந்தப் பின்னுக்கு வருவதோ கணினியின் யு.எஸ்.பி.யிலிருந்து, அதாவது சுமார் 500 மில்லிஆம்பியர். ஒரு சின்ன சர்வோ சிக்கிக்கொண்டாலே அவ்வளவையும் விழுங்கிவிடும். ஆறும் ஒன்றாக அசைந்தால் வோல்டேஜ் படுத்துவிடும், ஆர்டுயினோ மயங்கி எழுந்திருக்கும், சர்வோக்கள் ஒரு தரம் துள்ளும், திரையில் இணைப்பு போய்விட்டது என்று வரும். பார்க்கிறவனுக்கு அது மென்பொருள் கோளாறு மாதிரியேதான் இருக்கும்! தனியாக 5 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளை ஒன்று வைத்தேன். அதன் நெகடிவ்வை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு இணைத்தேன் (இதை விட்டால் சர்வோ பேய் பிடித்தது போல ஆடும்). சர்வோக்களுக்குப் பக்கத்தில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். மென்பொருளில் பாயின்டுக்கும் பாயின்டுக்கும் அரை விநாடி இடைவெளி. அதோடு தீர்ந்தது.

உன் கோளாறுக்குக் காரணம் பாயின்ட் இல்லை. கடைசி மூலையில் ரயில் நிற்கிறது, அந்த பிளாக் (தண்டவாளத்தின் ஒரு தனிப் பகுதி) காலி என்று கணினி நினைத்து இன்னொரு ரயிலை உள்ளே அனுப்புகிறது. இதை நான் இப்படிப் படிக்கிறேன். பிளாக்கில் ரயில் இருக்கிறதா என்று சொல்லும் உன் டிடெக்டர்கள் கரண்ட் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பவை. எஞ்சினுக்கு மின்சாரம் அற்றுப்போனால் அவற்றின் கண்ணுக்கு எஞ்சினே மறைந்துவிடும். அழுக்குச் சக்கரமோ, தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் ஜாயினர் ஒன்று லூஸாக இருப்பதோ போதும். கணினி தப்புப் பண்ணவில்லை. அதற்குக் கிடைத்த தகவல் அப்படி. ‘காலி’ என்ற செய்தியை ஓரிரு விநாடி தாமதித்து நம்பும்படி அமைத்துக்கொள். பெட்டிகளின் சக்கர அச்சுகள் சிலவற்றில் 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒட்டினால் எஞ்சின் மயங்கினாலும் வண்டி இருப்பது தெரியும். ஆனால் இதெல்லாம் மேல்பூச்சு. மின்சாரம் ஏன் அந்த மூலைக்குச் சரியாகப் போகவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

பஸ் வயர் (மேஜைக்கு அடியில் மின்சாரத்தைக் கொண்டுபோகும் முக்கிய வயர்) என்ன கனம் என்று நீ எழுதவில்லை. 0.5 சதுர மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டர் தூரத்துக்குப் போக வர சுமார் 0.7 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்கூடப் போகாது. தண்டவாளத்தை நம்பாதே. நிக்கல் சில்வர் என்று பெயர்தான், அதில் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, தனிச் செம்பைவிட மோசமான கடத்தி. ஜாயினர்களை அதைவிடவும் நம்பாதே. ஒவ்வொரு துண்டுக்கும் பஸ்ஸிலிருந்து தனி ஃபீடர் வயர் சால்டர் செய்துவிடு.

அளக்கும்போது ஒரு ஏமாற்று உண்டு. தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்கு மின்சாரமும் கட்டளையும் அனுப்பும் டி.சி.சி. என்பது விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை புரளும் சதுர அலை. ‘1’ என்றால் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவிநாடி, ‘0’ என்றால் 100 அல்லது அதற்கு மேல். வீட்டு மின்சாரத்தை அளக்கச் செய்த மல்டிமீட்டர் ஏ.சி.யில் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே மீட்டரால் இரண்டு இடத்தை அளந்து ஒப்பிடு, அது போதும். முக்கியமானது சுமை. சும்மா அளந்தால் எந்த மூலையிலும் நல்ல வோல்டேஜ்தான் காட்டும். கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை அந்த இடத்துத் தண்டவாளத்தில் குறுக்கே இணைத்துவிட்டு அள. அது ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும், வயரிங்கின் உண்மை அப்போதுதான் வெளியே வரும். பல்பைத் தொடாதே, சுடும்.

அப்புறம் நாணயச் சோதனை. ஒவ்வொரு அடி தூரத்திலும் தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு நாணயத்தை வை. பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) உடனே ட்ரிப் ஆகி மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஆகாத இடம்தான் ஆபத்தான இடம். உன்னுடையது 5 ஆம்பியர் பூஸ்டர், தண்டவாளத்தில் 15 வோல்ட். வழியில் 4 ஓம் தடை இருந்தால் முழு ஷார்ட் ஆனாலும் 4 ஆம்பியருக்குக் கீழேதான் ஓடும். பூஸ்டர் அதை ஏதோ பெரிய ரயில் என்று நினைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஐம்பது வாட்டுக்கு மேல் சூடு, அதில் பெரும்பங்கு ஒரு லூஸ் ஜாயினரில் இறங்கினால் பக்கத்து பிளாஸ்டிக் என்னாகும் என்று உனக்கே தெரியும். அதனால்தான் 8 ஆம்பியர் பூஸ்டர் வாங்கப் போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் பதறினேன். வாங்காதே. இந்த வயரிங்கில் அது இன்னும் பெரிய நெருப்புதான்.

ஷார்ட்டை எடுத்த பிறகும் பூஸ்டர் திரும்பத் திரும்ப விழுகிறது என்றாயே, அது வேறு. எஞ்சின்களுக்குள் இருந்து சத்தம் எழுப்பும் ஒலி டிகோடர்களின் கெபாசிட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பப் பார்க்கின்றன. அந்த முதல் இழுப்பே பூஸ்டருக்கு ஷார்ட்டாகத் தெரிகிறது. பாதி எஞ்சின்களைத் தூக்கி வைத்துப் பார். அப்போது பூஸ்டர் விழாமல் நின்றால், மேஜையை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்க்கியூட் பிரேக்கர் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக உயிர் கொடு.

பஸ் வயரின் கனம், பல்போடும் பல்பு இல்லாமலும் கடைசி மூலையின் வோல்டேஜ், இந்த மூன்றையும் எழுதி அனுப்பு. நாணயம் எங்கெல்லாம் தோற்றது என்பதையும் குறித்துவை. கண் மருத்துவர் அனுமதி கொடுத்ததும் நானே புறப்பட்டு வருகிறேன்.

உன் பழைய கூட்டாளி

பி.கு.: சோதனை முடிந்ததும் நாணயத்தை எடுத்துவிடு. போன வாரம் அரை மணி நேரம் ஷார்ட்டைத் தேடினோம். சுரங்கத்துக்குள் நாணயம் கிடந்ததைக் கண்டுபிடித்தது பேத்திதான். அது தனக்குத்தான் என்று வாங்கியும் கொண்டாள்.