அது தெரியாத போன் இல்லை

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய மெசேஜைப் படித்தேன். "தினமும் காலைல தெரியாத போன் ஒண்ணு நம்ம வைஃபைல கனெக்ட் ஆகுது. மெய்டுக்குப் பாஸ்வேர்ட் குடுத்தியாம்மா? உடனே மாத்து" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் உனக்கு அடுத்த மீட்டிங் வந்துவிடும், எனக்கும் பாதி மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆமாம், கொடுத்தேன். அது செல்வியின் போன். பதினாலு வருஷமாக நம் வீட்டுக்கு வருகிறாள். அப்பா படுக்கையில் கிடந்த நாலு மாதமும் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க என்னோடு கூட நின்றவள். வாட்ச்மேனுக்கு அவள் 'மதராசி பாய்', இங்கே வீட்டு வேலைக்கு வருகிறவளை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். உனக்காவது அவள் செல்வியாக இருக்கட்டும்.

பாஸ்வேர்ட் கொடுத்தது எப்போது என்று சொல்கிறேன். இங்கே மகாராஷ்டிராவில் 'லாட்கி பஹிண்' திட்டத்தில் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் வருகிறது, 2024-ல் ஆரம்பித்தது. 2025-ல் எல்லாரும் ஆன்லைனில் கேஒய்சி, அதாவது ஆள் சரிபார்ப்பு, செய்யச் சொன்னார்கள். அவள் ஆதார் ஓடிபி மட்டும் போதாது, வீட்டுக்காரர் ஆதாருக்கும் ஓடிபி வேண்டும். அன்றைக்குப் பாத்திரம் பாதியில் இருந்தது. போனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்து, சோப்பு நுரையைப் புடவையில் துடைத்துத் துடைத்து ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பன்வேல் பக்கம் பெயின்டிங் வேலையில் இருந்தார். பட்டன் போன். அவருக்கு வந்த நம்பரை அவர் வாசிக்க, இவள் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, "யம்மா, ஓடிபி வந்துட்டு, பக்கந்தான் சுத்திக்கிட்டே நிக்கி" என்று என்னைப் பார்த்தாள். காலையில் மகள் பாடம் பார்த்ததில் அன்றைய டேட்டா தீர்ந்துபோயிருந்தது. ஓடிபி பத்து நிமிஷம்தான் செல்லும். நான் அவள் கையிலிருந்து போனை வாங்கி நம் பாஸ்வேர்டை அடித்தேன். பக்கம் திறந்தது. மராத்தியில் இருந்ததை நான் வாசித்துச் சொல்ல, ஏழெட்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. "ஆயிட்டும்மா" என்று சொல்லிவிட்டு மீதிப் பாத்திரத்துக்குப் போனாள்.

அவள் போடுவது 299 ரூபாய் ரீசார்ஜ். 2024 ஜூலைக்கு முன்னால் அது 239. 28 நாள் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பதிமூன்று தடவை போடவேண்டும், 3,887 ரூபாய். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் ஒரு எம்பி படம் இறங்கவே இரண்டு நிமிஷம் ஆகும். சீட்டா கேம்ப் குடிசைப் பகுதியில் அவர்கள் இருப்பது ஒரே அறை, அந்த ஒன்றரை ஜிபியில்தான் மூன்று பேருக்கும் எல்லாம்: தென்காசியில் இருக்கும் அவள் அம்மாவின் முகம், மகளின் பாடம், சின்னவனின் ஸ்கூல் வாட்ஸ்அப். நம் வீட்டு இணைப்புக்கு மாதம் 3,300 ஜிபி வரை அனுமதி. போன மாதம் எனக்கு ஆனது 90-கூட இல்லை. அவள் எட்டு மணிக்கு வந்து பத்தரைக்குப் போகிறாள். அதற்குள் எவ்வளவு இழுத்துவிடுவாள்?

கண்ணா, உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

2020 மார்ச்சில் ஊர் அடைத்தபோது சொசைட்டியில் வேலைக்காரர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அவளுக்குச் சம்பளம் கொடுத்துவந்தோம், அது உனக்குத் தெரியும். திரும்ப வேலைக்கு வர ஆரம்பித்தபோது பெரியவள் ஏழாவது. வகுப்பெல்லாம் போனில். ஒருநாள் செல்வி வாசல் பக்கம் நின்று, "யம்மா, பிள்ளைய ஒரு ரெண்டு மணி நேரம் மாடிப்படியில உக்கார வச்சிக்கிடட்டா? உங்க நெட்டு அங்கன வரும்லா?" என்று கேட்டாள். "பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது செல்வி, பையன்தான் வச்சிருக்கான்" என்றேன்.

பொய். ஃபிரிட்ஜ் மேல் உன் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. அவள் தினமும் அந்த ஃபிரிட்ஜைத் துடைப்பவள்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பணம் போய்விடும் என்றா? எவ்வளவு பேர் சேர்ந்தாலும் பில் அதேதான். கொடுத்துப் பழக்கினால் அடுத்து என்ன கேட்பாளோ என்று ஒரு எண்ணம், வேறொன்றுமில்லை. அவள் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். அந்த வருஷம் அந்தப் பெண் கணக்கில் பின்தங்கி, அப்புறம் மேலே வர ரொம்பக் கஷ்டப்பட்டது. அதற்கு நான் மட்டும் காரணமில்லை. ஆனால் நான் செய்திருக்க முடிந்ததைச் செய்யவில்லை.

இன்னொன்றும் கேள். அப்பா போனபிறகு, நான் தனியாக இருக்கிறேன் என்று நீ ஹாலில் கேமரா வைத்தாய். அது சமையலறை வாசலையும் பார்த்தபடி இருந்தது. செல்வி குனிந்து பெருக்குவதும், சிங்க்கில் நின்று பாத்திரம் துலக்குவதும் இதே வைஃபை வழியாகத்தான் செம்பூரிலிருந்து ஸ்டுட்கார்ட் வரை உன் கைக்கு வந்துகொண்டிருந்தது. அவளைப் பார்க்க நமக்கு இணைப்பு உண்டு, அவள் தன் அம்மாவைப் பார்க்க அவளுக்கு இல்லை. இது மனசில் தைத்த அன்று ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவை வாசற்கதவுப் பக்கம் திருப்பினேன். "கேமரா நகந்திருக்கும்மா" என்று கேட்டாயே, நகரவில்லை, நான்தான் திருப்பினேன். அது அப்படியே இருக்கட்டும். அதில் என்ன தெரியும், யார் பார்ப்பார்கள் என்று செல்விக்கும் சொல்லிவிட்டேன்.

உன் பயம் தப்பு என்று நான் சொல்லவில்லை. இணைப்பு என் பேரில் இருக்கிறது. அதன் வழியாக எது போனாலும் தேடி வருகிறவர்கள் என் கதவைத்தான் தட்டுவார்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னால் போன மின்னஞ்சல், நவி மும்பையில் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் வீட்டு வைஃபை வழியாகப் போனது. அந்தச் செய்தி வந்த வாரம் பாங்கில் எல்லாரும் அதைத்தான் பேசினோம். ஆனால் அது எவரோ வெளி ஆள் உள்ளே புகுந்து செய்த வேலை. நமக்குத் தெரிந்தவளுக்குச் சாவி கொடுப்பதும், கதவைப் பூட்டாமல் விடுவதும் ஒன்றா?

நான் செய்ததில் ஒரு பிசகு இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். கொடுத்தது மெயின் பாஸ்வேர்ட். அதே வார்த்தையைத்தான் என் மெயிலுக்கும் வைத்திருந்தேன். முப்பத்தொரு வருஷம் பாங்கில் இருந்தவள் இதைச் செய்திருக்கக் கூடாது. எதிர் ஃபிளாட்டுப் பையனைக் கூப்பிட்டு, சனிக்கிழமை எல்லாவற்றையும் சரிசெய்தேன். லேப்டாப்பில் 192.168.1.1 என்று அடித்தால் ரௌட்டரின் உட்பக்கம் திறக்கிறது. அதற்குள் நுழைய, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கம்பெனி பாஸ்வேர்டேதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதை மாற்றினோம். மெயின் பாஸ்வேர்டை மாற்றினோம், மெயிலுக்கு வேறு வைத்தேன். பட்டனை அமுக்கினால் பாஸ்வேர்ட் இல்லாமலே சேர்த்துக்கொள்கிற டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தோம். அப்புறம் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று. அதே பெட்டியிலிருந்து இன்னொரு பெயரில், வேறு பாஸ்வேர்டில் வருகிறது. அதில் சேர்கிற போன் இணையத்துக்குப் போகலாம், ஆனால் நம் லேப்டாப், பிரின்டர், கேமரா எதையும் எட்ட முடியாது.

அவன் இதை விளக்கியதும் முதலில் எனக்கு மனசு ஒப்பவில்லை. உன் கொள்ளுப்பாட்டி வீட்டில் கொல்லைப்புறத் திண்ணையில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். வேலை செய்ய வருகிறவர்களுக்கு என்று தனி டம்ளர். காபியை உயரத்தில் இருந்து அதில் ஊற்றுவார்கள். சின்ன வயசில் நான் பார்த்திருக்கிறேன். அதே டம்ளரை வைஃபையில் கவிழ்த்து வைக்கப்போகிறேனா என்று இருந்தது.

அப்புறம் பாங்க் நினைவு வந்தது. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். நான் ஒரு சாவி வைத்திருந்த ஆறு வருஷமும் தனியாக ஒருநாளும் திறக்க முடியாது. என்னை நம்பாமல் அப்படி வைக்கவில்லை, மேனேஜரே வந்தாலும் அதே கதைதான். ஒழுங்கு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் அதில் யாருக்கும் அவமானமில்லை. ஒருத்தருக்கு மட்டும் என்றால்தான் அது டம்ளர். அதனால் நம் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் இனிமேல் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்தபோது அவருக்கும் அதையே கொடுத்தேன். நீ வந்தாலும் உன் ஆபீஸ் லேப்டாப்புக்கு அதுதான். க்யூஆர் கோட் எடுத்து ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். யாரும் என்னைக் கேட்டு நிற்கவேண்டாம். பெயர் கேட்டது, 'வாங்க' என்று வைத்தேன்.

நீ எழுதியதில் இரண்டுக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். ஒன்று, அவள் என்ன பார்க்கிறாள் என்று ஆப்பில் பார்ப்பது. வேண்டாம். அவள் அலைபேசியில் அழுவதோ சிரிப்பதோ அவள் விஷயம். இரண்டு, "ரீசார்ஜுக்குன்னு முன்னூறு ரூபாய் குடுத்துடு, வைஃபை வேணாம்" என்றது. தீபாவளிக்குச் சம்பளம் கூட்டினேன், அது அவள் உழைப்புக்கு. வைஃபை கொடுக்கிறோமே என்று அடுத்த வருஷம் கூட்டாமல் விட்டாலும் தப்பு, முன்னூறைக் கொடுத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டாலும் தப்பு. அந்த முன்னூறுக்கும் வருவது அதே ஒன்றரை ஜிபிதானே.

பெரியவள் இப்போது பன்னிரண்டாவது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு வந்து பிசிக்ஸ் பாடம் பார்க்கிறாள். முதல் வாரம் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டால், "இங்கனயே இருக்கேன் பாட்டி" என்கிறாள். மூன்றாவது வாரம்தான் டைனிங் டேபிளுக்கு வந்தாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஒரு வரி கேட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓட்டுகிறாள். லென்ஸ் படம் எவ்வளவு சுத்தமாகப் போடுகிறாள் தெரியுமா! நீ விட்டுப்போன காம்பஸ் பெட்டியை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

அவள் ஏழாவது படித்தபோது நான் சொன்ன பொய்யைச் செல்வியிடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளப் போகிறேன். உனக்கு எழுதினது அதற்கு முதல் படி என்று வைத்துக்கொள்.

டிசம்பரில் வரும்போது ரௌட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து நடைப்பக்கம் மாற்றித் தா. பத்தடி கேபிள் இருந்தால் போதும் என்று எதிர் ஃபிளாட்டுப் பையன் சொல்கிறான், நான் வாங்கி வைக்கிறேன். டேபிளின் அந்த மூலையில் இரண்டு கோடுதான் வருகிறது, அவளுக்குப் பாடம் நின்று நின்று ஓடுகிறது.

அன்புடன்,
அம்மா