பூ வைத்துக்கொண்டேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலம்தானே?

இன்று ஜூன் 25. நேற்று முன்தினம் இரவு இங்கே எடுத்த படங்களை உனக்கு அனுப்பச் சொல்லி இந்த வீட்டுப் பேத்தியிடம் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்றில் நான் தலை நிறையப் பூவோடு நிற்கிறேன். படத்தைப் பார்த்து நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. போனில் ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், அங்கே நீயும் அழுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் கவலைக்குப் பதில். "அறுபத்திரண்டு வயசில் லாத்வியாவுக்குப் போய் யாரோ வீட்டுக் களையை எடுக்கணுமா?" என்று கேட்டாயே, வேலை அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை, அதற்குச் சாப்பாடும் படுக்கையும். ரிகாவிலிருந்து ரயிலேறி சேசிஸ் என்ற பழைய ஊரில் இறங்கினால் அங்கிருந்து இந்தப் பண்ணைக்குக் காரில் கூட்டிவந்துவிடுகிறார்கள். நான்கு பசு, சில ஆடுகள், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. சோழவந்தானில் உன் தாத்தா வயலில் களைக்கொத்து பிடித்த கை இது. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்ததில் மறந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே மண் பழகிவிட்டது. என்னோடு ஒரு ஸ்பெயின் பையனும் ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கேரட் நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

இந்தக் களையெடுப்பில் ஒரு அவசரமும் இருந்தது. ஜூன் 23 சாயங்காலத்துக்குள் பாத்தி முழுவதும் சுத்தமாகிவிட வேண்டும். அன்று இரவு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பாடிக்கொண்டே வீடு வீடாக வருவார்கள். களை மண்டிக் கிடக்கும் தோட்டத்தைப் பார்த்தால் அந்த வீட்டுக்காரியை வைத்தே பாட்டுக் கட்டிவிடுவார்களாம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அந்த வாரம் முழுக்க அவர் எங்களுக்கு முன்னால் எழுந்து பாத்தியில் நின்றார்.

23 லீகோ நாள், 24 யாஞி. இரண்டும் சேர்ந்ததுதான் இவர்களுடைய நடுக்கோடைப் பண்டிகை. எழுத்தில் லீகோ, ஆனால் பாடும்போது "லீகுவா" என்றுதான் காதில் விழுகிறது. யாஞி என்பது யானிஸ் என்ற பெயரிலிருந்து வந்தது. நம் ஊரில் அருளப்பர், யோவான் என்று சொல்கிறோமே, அந்தப் பெயர்தான் யானிஸ். கிறிஸ்தவர்களுக்கு ஜூன் 24 ஸ்நாபக அருளப்பர் பிறந்த நாள். ஆனால் இங்கே நடப்பதைப் பார்த்தால் அதற்கு முன்பிருந்தே வரும் சூரியன் பண்டிகை என்று உனக்கே தெரியும். வருஷத்திலேயே பகல் நீளமாக இருக்கும் சமயம். இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் இறங்குகிறது, காலை நாலரைக்குள் மறுபடி வந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் கொஞ்ச நேரமும் வடக்கு வானம் முழுதாக இருட்டுவதில்லை.

23 காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனார்கள். அன்று பறிக்கும் பூவுக்கும் இலைக்கும் தனிச் சக்தி உண்டு என்பது நம்பிக்கை. பிர்ச் மரக் கிளைகளை ஒடித்து வாசலின் இரண்டு பக்கமும் நட்டார்கள். சூனியக்காரிகள் வராமலிருக்கக் கதவிலும் தொழுவத்திலும் ரோவன் என்ற மரத்தின் கொப்பைச் செருகினார்கள். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டுகிற மாதிரியே இருந்தது எனக்கு. பசுக்களின் கழுத்திலும் மாலை. ஒரு பசு அடுத்ததன் மாலையைத் தின்றுவிட்டது. நம் வீட்டு லட்சுமி மாட்டுப் பொங்கலன்று செய்ததே, அதே வேலை!

அப்புறம் சீஸ். இதில்லாமல் யாஞி இல்லை. சூடான பாலில் தயிர்க்கட்டியைப் போட்டுக் காய்ச்ச, பச்சைத்தண்ணீர் போலத் தெளிவு பிரிகிறது. துணியில் பிழிந்து, வெண்ணெய், முட்டை, உப்பு சேர்த்து, கேரவே விதை தூவி, மெல்லிய தீயில் விடாமல் கிண்ட வேண்டும். பார்க்கச் சீரகம் போலவே இருக்கும் அந்த விதைக்கு வாசனை வேறு. கையில் மரக்கரண்டியைக் கொடுத்ததும் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையில் நிற்பது போலிருந்தது. பாத்திரத்தில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகத் திரண்டு வந்தால் பதம். சூரியன் மாதிரி வட்டமாகத் துணியில் கட்டி, கல்லை ஏற்றி வைத்துவிடுவார்கள்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மத்தியானம் எல்லோரும் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து தலைக்கு வளையம் கட்ட ஆரம்பித்தார்கள். ஆண்களுக்கு ஓக் இலை, பெண்களுக்குப் பூ. மஞ்சள் நடு வைத்த வெள்ளை டெய்சி, நீலமாக ஒரு வயல் பூ, குளோவர். இவர்கள் தண்டைத் தண்டோடு சேர்த்துச் சடை போலப் பின்னுகிறார்கள். நான் ஆளி நூல் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு நம் வழக்கப்படி கட்டினேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. வாழைநாருக்குப் பதில் நூல், அவ்வளவுதான். ஆறு வருஷம் பூவைத் தொடாத விரல், பாப்பா. நெருக்கமாக, ஒரு இதழ் கசங்காமல் கட்டிக்கொண்டே போனது. பிரெஞ்சுப் பெண்ணுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று, பக்கத்துப் பண்ணைப் பெண்களுக்கு மூன்று. மேசையைச் சுற்றி எல்லோரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு என் கையைத்தான் பார்த்தார்கள்.

ஐந்தாவதை முடித்துவிட்டு நூலைக் கீழே வைத்தேன். வீட்டுக்கார அம்மா ஏதோ கேட்டார். பேத்தி இங்கிலீஷில் சொன்னாள்: "உங்களுடையது எங்கே என்று பாட்டி கேட்கிறார்."

எனக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். கணவர் இல்லை, எங்கள் ஊரில் கணவர் போன பிறகு பூ வைப்பதில்லை என்றேன். சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னேன். அந்தப் பத்தாம் நாள் காலை உனக்கு நினைவிருக்கும். தலை கொள்ளாமல் வைத்துவிட்டு எடுத்தார்களே. நீ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். அதைவிட எனக்கு வலித்தது பூக்காரம்மாதான். இருபது வருஷமாக நம் வாசலில் நின்று "அக்கா, மல்லி" என்று கூப்பிட்டவள். அப்பா போன பிறகு நம் வீட்டைத் தாண்டும்போது மட்டும் குரலை இறக்கிக்கொண்டு போவாள். என் மனசு நோகக்கூடாதென்றுதான் செய்தாள். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் குரல் நம் வாசலில் இறங்கி அடுத்த வீட்டில் ஏறுவதை நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

பேத்தி சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேசையில் வைத்தார். எங்களிடமும் இருக்கிறது என்றார். கல்யாணத்தன்று நள்ளிரவில் பெண்ணின் தலையிலிருக்கும் கிரீடத்தை எடுத்துவிட்டுத் தலைத்துணி கட்டுவார்களாம். அதோடு குமரிப்பருவம் முடிந்தது என்று அர்த்தம். "எனக்கும் எடுத்தார்கள். என் கணவரும் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் லீகோ இரவில் தலை உள்ள எல்லோருக்கும் பூ உண்டு" என்றார். பிறகு, தனக்கென்று பின்னிக்கொண்டிருந்த வளையத்தை எடுத்து வந்து என் முன்னால் நின்றார். தலையில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான்தான் குனிந்தேன்.

அது மல்லிகை இல்லை. வாசனை ஒன்றும் பெரிதாகக் கிடையாது, புல்லும் ஈர மண்ணும் கலந்த மணம். ஆனால் எடை தெரிந்தது. காதுக்குப் பின்னால் ஒரு காம்பு குத்தியது. நான் அழவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் "இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வை" என்றுதான் சொல்லியிருப்பார். பிறகு அந்த அம்மாவுக்கு நான் ஒன்று கட்டினேன். என் வாழ்க்கையில் கட்டியதிலேயே நெருக்கமானது அதுதான்.

அன்று ஒரு ராத்திரிக்கு வீட்டுக்கார அம்மாவுக்கு யாஞு மாத்தே என்று பெயர், யாஞியின் அம்மா. பாடிக்கொண்டு வருகிறவர்கள் எவ்வளவு வயசானாலும் யாஞு பெர்னி, யாஞியின் பிள்ளைகள். மாத்தே சீஸ் அறுத்துக் கொடுக்க வேண்டும், வீட்டு ஆண் பீர் ஊற்ற வேண்டும். அவர் மகன் ஊற்றினார். எனக்கு பிர்ச் மரத்துச் சாறு. வசந்தத்தில் மரத்தைத் துளைத்து இறக்கிப் பாட்டிலில் மூடி வைத்தது, கொஞ்சம் புளித்த பதநீர் போல இருந்தது. எங்கள் பாத்திகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கேலிப் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டார்கள். எனக்கு அது பெரிய பெருமை.

பாட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் நான்கு வரிப் பாட்டு, டைனா என்கிறார்கள். ஒருவர் ஒரு அடி எடுக்க, மற்றவர்கள் "லீகோ, லீகோ" என்று வாங்குகிறார்கள். ஆடி அசைவது என்று பொருளாம். நம் ஏலேலோ போல. ரிகாவில் தேசிய நூலகத்தில் ஒரு மரப் பெட்டகம் பார்த்தேன். கிறிஷ்யானிஸ் பரோன்ஸ் என்பவர் இந்த நான்கு வரிப் பாட்டுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் அடுக்கி வைத்தது. 1894 முதல் 1915 வரை அவர் பதிப்பித்ததில் மட்டும் 2,17,996 பாட்டுகள். நம் உ.வே.சா. ஏடு தேடி அலைந்த அதே காலம். அந்தப் பெட்டகத்தின் முன்னால் என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன். அங்கே சீட்டில் பார்த்ததை இங்கே வாயில் கேட்டேன், அவ்வளவு பேரும் மனப்பாடமாக.

நள்ளிரவில் என்னைப் பாடச் சொன்னார்கள். உன் அம்மாச்சி நாற்று நடும்போது பாடிய பாட்டைப் பாடினேன். மூன்றாவது அடியிலேயே அவர்கள் என் ஏலேலோவுக்கு லீகோ என்று பதில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சூரியன் மறைவதற்கு முன்பே தீ மூட்டியாகிவிட்டது. விடியும் வரை அணையக்கூடாது. அதன் வெளிச்சம் எட்டும் வயலெல்லாம் விளையும் என்பார்கள். சின்னவர்கள் தீயைத் தாண்டிக் குதித்தார்கள். ஜோடிகள் பெரணிப் பூவைத் தேடுவதாகச் சொல்லிக் காட்டுக்குள் போனார்கள். பெரணி பூப்பதே இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். அன்று தூங்கினால் கோடை முழுக்கத் தூங்கி வழிவார்கள் என்பதால் பெரியவர்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்தோம்.

அப்போதுதான் அந்த அம்மா தன் சின்ன வயசைச் சொன்னார். சோவியத் ஆட்சியில் இந்தப் பண்ணை கூட்டுப் பண்ணையோடு போய்விட்டது. 1949 மார்ச்சில் இந்த நாட்டிலிருந்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் சைபீரியாவுக்கு ஏற்றிப் போனார்கள், அதில் பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் யாஞியை நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அவர் அப்பாவின் பெயர் யானிஸ். இங்கே தெருவுக்கு நாலு யானிஸ் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் இங்கே ஒரு நாள் உண்டு. யாராவது கேட்டால் அந்தப் பெயர் நாள் விருந்து என்று சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உள்ளே பாடுவார்களாம். குழந்தைகளிடம் வெளியே லீகோ என்ற சொல்லைச் சொல்லாதே என்பார்களாம். பத்து வயசுப் பெண்ணாக, பாட்டைப் பாடாமல் வாயை மட்டும் அசைத்தபடி தெருவில் நடந்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கை என் கை மேல் இருந்தது.

விடியற்காலையில் எல்லோரும் வெறுங்காலோடு புல்லுக்குப் போய்ப் பனித்துளியை அள்ளி முகம் கழுவினோம். ஜில்லென்றிருந்தது. அந்தப் படம்தான் உனக்கு வரும். கண்ணெல்லாம் சிவந்திருக்கும், அது தூக்கமில்லாததால்.

வளையத்தை இவர்கள் தூக்கிப்போடுவதில்லை. வருஷம் முழுக்கச் சுவரில் காயவிட்டு, அடுத்த லீகோ தீயில் போடுகிறார்கள். போன வருஷத்தது எரிவதை அன்று பார்த்தேன். என்னுடையது இப்போது நான் படுக்கும் அறையில் ஆணியில் தொங்குகிறது. ஊருக்கு எடுத்துப் போகிறாயா, இங்கேயே இருக்கட்டுமா என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். இங்கேயே இருக்கட்டும், அடுத்த வருஷம் நீங்களே தீயில் போடுங்கள் என்றேன். நீ வந்து போடு என்கிறார்.

ஊரில் பூ வைப்பேனா என்று இப்போதே கேட்காதே. மதுரையில் இறங்கி, நம் தெருவில் அந்தக் குரல் வரும்போது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அத்தைக்கு இந்தப் படத்தை நீ அனுப்ப வேண்டாம். நேரில் போய் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சின்னவனுக்கு முத்தம். நாளைக்குப் புல் அறுப்பு, சீக்கிரம் படுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா