அப்பாவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புடையீர்,

எங்கள் அப்பா தம் 92ஆம் வயதில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றியிருக்க, வீட்டிலேயே காலமானார். அன்றைக்கும் அதற்கு முந்தைய மாதங்களிலும் எங்களோடு நின்ற ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்த்து நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் அத்தனை பேர் நின்றிருக்கிறீர்கள். சிலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால் குடும்பத்தின் சார்பில், மூத்த மகள் நான் இதை எழுதுகிறேன்.

அப்பா தையல்காரர். 14 வயதில் காஜா எடுக்க உட்கார்ந்தவர், கை நடுங்கத் தொடங்கும்வரை மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. காலால் மிதிக்கிற மிஷின்தான். மோட்டார் மாட்டித் தருகிறேன் என்று தம்பி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். "கால் சொன்னால்தான் ஊசி கேட்கும்" என்று பேச்சை முடித்துவிடுவார். அந்த ஒரு மிஷினை நம்பித்தான் நாங்கள் நான்கு பேரும் படித்தோம். இரண்டு அத்தைகளின் கல்யாணமும் நடந்தது.

தொழிலில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பருத்தித் துணியை நனைத்துக் காயவைக்காமல் கத்தரி வைக்க மாட்டார். தைத்த சட்டை முதல் துவைப்பில் சுருங்கினால் துணிமேல் பழி போடக் கூடாது, தைத்தவன்தான் பொறுப்பு என்பார். வளர்கிற பிள்ளைகளுக்குத் தைக்கும்போது ஓரத்திலும் கீழ்மடிப்பிலும் தாராளமாகத் துணி உள்ளே விடுவார், அடுத்த வருஷம் பிரித்துப் பெரிதாக்கலாம் என்று. அப்படிப் பிரிக்கக் கொண்டுவந்தால் கூலி வாங்கியதில்லை. எங்கள் சட்டைகளில் இன்னும் தாராளம்! சின்ன வயதில் நான் ஒரு முறையாவது சரியான அளவில் சட்டை போட்டதாக நினைவில்லை.

அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது மட்டும் அவருக்கு ஆகாது. யாராவது ஒரு சின்ன உதவி செய்துவிட்டால், அவர்கள் வீட்டுக்கு நாலு தலையணை உறையாவது தைத்துக் கொடுத்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. அப்படிப்பட்ட மனிதர் கடைசி மாதங்களில் தண்ணீர் குடிக்கக்கூட இன்னொருவர் கையை நம்பியிருந்தார். உங்களுக்கெல்லாம் தைத்துக் கொடுக்க அவரால் முடியவில்லை. அந்தப் பாக்கிக்குத்தான் இந்த மடல்.

அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, இந்த வயதில் ஆபரேஷனா என்று நாங்கள் தயங்கினோம். அப்படியே படுக்கையில் விட்டால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகு புண்ணாகும், முறிவைவிட அவைதான் உயிருக்கு ஆபத்து என்று ஒரு தாளில் படம் போட்டு விளக்கிய மருத்துவருக்கு நன்றி. ஆபரேஷன் முடிந்த மறுநாளே அவரை எழுப்பி நிற்கவைத்த பிசியோதெரபி தம்பிக்கும் நன்றி. அப்பா "நாளைக்குப் பார்க்கலாம்" என்று திரும்பிப் படுக்கும்போதெல்லாம், "ஐயா, என் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, நீங்கள் எழுந்து வந்தால்தானே பிடித்துத் தைப்பீர்கள்" என்று வம்புக்கு இழுத்தே வாசல்வரை நடக்கவைத்தார்.

அந்த நடை சில மாதங்களுக்குத்தான். அப்புறம் உடம்பு தளர்ந்து, படுக்கையோடு ஆகிவிட்டார். அப்போது வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட செவிலியர் தங்கையைப் பற்றிச் சொல்ல எனக்கு இந்தத் தாள் போதாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பார். எந்தப் பக்கம், எத்தனை மணி என்று சுவரில் ஒட்டிய தாளில் குறிப்பார். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்பார். முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். விழுங்கச் சிரமம் வந்தபோது அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க எங்களுக்கும் பழக்கினார். ஊட்டிய பிறகு அரை மணி நேரமாவது படுக்கவிட மாட்டார். அப்பா முறைத்தாலும் சரி. கடைசிவரை அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

பகலில் வந்து உட்கார்ந்து, அம்மாவை ஒரு மணி நேரமாவது தூங்கவைத்த அடுத்த வீட்டு அக்காவுக்கும், கூப்பிடாமலே வந்து முடிவெட்டி முகம் மழித்துவிட்டுப் போனவருக்கும், அப்பாவிடம் தொழில் பழகிப் பிறகு தனியாகக் கடை வைத்த அண்ணன்மாருக்கும் நன்றி. அண்ணன்மார் கட்டிலருகே இருந்து தொழில் சந்தேகம் கேட்பார்கள். பாதிக் கேள்விகள் அப்பாவைப் பேசவைப்பதற்காகவே கேட்டவை என்று எங்களுக்குத் தெரியும்.

இனி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், வலி தெரியாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று எங்களிடம் மறைக்காமல் சொன்ன மருத்துவருக்கும், சொன்னபடியே நடு இரவிலும் போனை எடுத்ததற்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கண்தானம் அப்பாவின் விருப்பம். இரண்டு கண்ணிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்திருந்ததால், தன் கண் யாருக்கும் ஆகாது என்றே வெகு நாள் நினைத்திருந்தார். எடுப்பது முன்னால் இருக்கிற கருவிழிப் படலத்தை, புரை நீக்கியதும் வயதானதும் அதற்குத் தடையில்லை என்று தெரிந்ததும் உடனே கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் கண் வங்கிக்குத் தகவல் சொன்னோம். கண்களை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள் என்று போனிலேயே பதற்றமில்லாமல் சொல்லித் தந்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதற்கு வெகு முன்பே வந்துவிட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வந்த இருவருக்கும் நன்றி. உறவில் பெரியவர்கள் சிலருக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ஒப்பாவிட்டாலும், அப்பாவின் சொல்லுக்காக எங்களுக்கு வழி விட்டார்கள். அவர்களுக்குத் தனியாகக் கும்பிடு.

தூரத்தில் இருந்து வந்தவர்கள், வர முடியாமல் போனில் அழுதவர்கள், எங்களுக்குப் பதிலாக ஓடியாடி எழுத்து வேலைகளை முடித்த நண்பர்கள், யாரையும் மறக்கவில்லை.

ஒரு விஷயம். அப்பா பயன்படுத்திய காற்றுமெத்தை, வாக்கர், சக்கர நாற்காலி எல்லாவற்றையும் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். யார் வீட்டிலாவது தேவையிருந்தால் தயங்காமல் வந்து எடுத்துப் போங்கள். திருப்பித் தர வேண்டாம். வேலை முடிந்ததும் தேவைப்படுகிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். தையல் மிஷினை மட்டும் கேட்காதீர்கள், அதைப் பேத்தி எடுத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்